பேய்க் கதைகளும் பற்று வரவுக் கணக்கும்

காதிக் கதைகள் என்றதும் காதி கிராஃப்ட் கடை ஞாபகம் வந்தால் அது உங்கள் தப்பில்லை. தமிழில் எழுதினால் அப்படித்தான் வருகிறது. ஆனால் இது வேறு சமாச்சாரம். 1764-ல் ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர் 'ஒட்ராண்டோ கோட்டை' என்று ஒரு நாவல் எழுதினார். கல்யாணத்தன்று ஒரு ராட்சத இரும்புத் தலைக்கவசம் மேலிருந்து விழுந்து மாப்பிள்ளையை நசுக்குவதில் அது தொடங்கும். மறு வருஷம் வந்த இரண்டாம் பதிப்பில் 'ஒரு காதிக் கதை' என்று துணைத் தலைப்பு போட்டார். அன்றிலிருந்து பாழடைந்த கோட்டை, நிலவறை, குடும்ப சாபம், நள்ளிரவு, செத்தும் போகாத ஆள் என்று எது வந்தாலும் அது காதிக்தான்.

அப்புறம் இந்தச் சரக்கு நாவலிலிருந்து சிறுகதைக்கு இறங்கியது. எட்கர் ஆலன் போ 1839-ல் 'அஷர் மாளிகையின் வீழ்ச்சி' எழுதினார். 1843-ல் 'காட்டிக் கொடுத்த இதயம்', 1846-ல் 'அமொண்டியாடோ பீப்பாய்'. இன்றைக்கு வரும் பேய்ப் படங்களில் பாதிக்கு மூலதனம் அந்த ஏழெட்டு வருஷத்தில் போட்டதுதான்.

இந்தக் கதைகள் எல்லாம் இருக்கிற ஒரு பழைய தொகுப்பு, நாற்பது ரூபாய்க்கு, மரக்காணம் பக்கத்து உப்பளத்து ஊர்ப் பையன் ஒருவன் கைக்கு வந்து சேர்ந்தது. பி.காம். மாணவன். தினமும் திண்டிவனம் பஸ்ஸில் போய்வருகிறவன். மே மாத லீவு. பாடப்புத்தகத்தைத் தொட மனசில்லை. சரி, பயந்துதான் பார்ப்போமே என்று உட்கார்ந்தான்.

பயம் வரவில்லை. அதுதான் முதல் பிரச்சினை.

காரணம் அவன் ஊர். காதிக் கதைக்கு இருட்டு வேண்டும், மூடுபனி வேண்டும், வளைந்து வளைந்து போகிற மாடிப்படி வேண்டும். உப்பளத்தில் இது எதுவுமே கிடையாது. கண்ணுக்கு எட்டிய தூரம் பாத்தி. பாத்தியில் தண்ணீர், தண்ணீரில் வானம். வரப்பில் வெள்ளை வெளேரென்று உப்பு அம்பாரங்கள், மேலே கீற்றோ தார்ப்பாயோ போட்டு மூடியிருக்கும். ஒரு நாய் நடந்து வந்தால் கூட அரை மைலுக்கு அப்பாலேயே தெரிந்துவிடும். பேய் ஒளிந்துகொள்ள இடம் எங்கே? மே மாதத்தில் உப்பளத்தில் பயப்பட வேண்டிய ஒரே ஆசாமி சூரியன். அதனால்தான் வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரி முடித்துவிட வேண்டும் என்று, ஊரே தூங்கும்போது ஜனங்கள் பலகையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். நடு ராத்திரியில் வெளியே நடமாடுகிற உருவம் என்றால் கதையில் அது பேய். இங்கே அது வேலைக்குப் போகிற பக்கத்து வீட்டு அக்கா.

கோட்டை இல்லாமலும் இல்லை. மரக்காணத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடப்பாக்கம் பக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை இருக்கிறது. ஆற்காட்டு நவாபுகள் காலத்துச் சமாச்சாரம். 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது, 1760-ல் ஆங்கிலேயர்கள் பிடித்து இடித்துத் தள்ளினார்கள். 2004 சுனாமியிலும் கொஞ்சம் போனது. உடைந்த செங்கல் சுவர், பின்னால் கழிமுகம், அதற்கு அப்பால் கடல் என்று போ பார்த்திருந்தால் விட்டிருக்கவே மாட்டார். ஆனால் அங்கே ஒரு காலத்தில் நாணயம் அடிக்கும் சாலை இருந்தது என்பதுதான் நம் காமர்ஸ் பையனுக்குச் சுவாரசியமாகப் பட்டது. பேய் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் போட்டோ எடுக்கிற கூட்டம்தான்.

ஆக, அஷர் மாளிகை அவனை ஒன்றும் செய்யவில்லை. சுவரில் விரிசல் விட்ட வீடு, உயிரோடு பெட்டியில் வைத்து மூடப்பட்ட தங்கச்சி திரும்பி வருவது, கடைசியில் வீடே இடிந்து குளத்துக்குள் போவது... நன்றாக இருக்கிறது, ஆனால் யாரோ பணக்கார வீட்டுக் கஷ்டம் மாதிரி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். 'காட்டிக் கொடுத்த இதயம்' கொஞ்சம் பரவாயில்லை. கிழவனைக் கொன்று தரைப் பலகைக்கு அடியில் புதைத்தவன், போலீஸ்காரர்கள் முன்னால் உட்கார்ந்துகொண்டு, செத்தவன் இதயம் அடிக்கிறது என்று கத்தித் தானே மாட்டிக்கொள்கிறான். ஆடிட்டர் கேட்காமலேயே கள்ளக் கணக்கைக் காட்டிவிட்ட கணக்கப்பிள்ளை மாதிரி!

முதலில் அவனை நிறுத்தி வைத்தது 'அமொண்டியாடோ பீப்பாய்'. ஒருவன் தன்னை அவமானப்படுத்திய நண்பனை, நல்ல ஒயின் இருக்கிறது வா என்று நிலவறைக்குக் கூட்டிப் போய் உயிரோடு சுவர் வைத்து மூடுகிற கதை. நிலவறைச் சுவரெல்லாம் வெள்ளையாக வெடியுப்பு பூத்திருக்கும். கூட வருகிறவன் அந்தக் காற்றில் இருமிக்கொண்டே வருவான். இந்த இடத்தில் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் வீட்டுச் சுவரிலும் உப்பு பூக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை சுண்ணாம்பு அடித்தாலும் மறுபடி பொரிந்து உதிரும். இருமலும் அவனுக்குத் தெரிந்த இருமல்தான். முந்நூறு பக்கப் புத்தகத்தில் அவனுக்குப் பழக்கமான முதல் சுவர் அது.

அதற்குப் பிறகுதான் 'குரங்குப் பாதம்' வந்தது.

எழுதியவர் டபிள்யூ.டபிள்யூ. ஜேக்கப்ஸ். வெளிவந்த வருஷம் 1902. இவர் எழுத்தாளர் ஆவதற்கு முன் லண்டனில் அஞ்சலகச் சேமிப்பு வங்கியில் வருஷக்கணக்காகக் குமாஸ்தாவாக இருந்தவர். (காமர்ஸ் மாணவர்கள் இந்த இடத்தில் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.) கதை பலருக்குத் தெரிந்ததுதான். இந்தியாவிலிருந்து திரும்பிய ஒரு பட்டாளத்துக்காரர் உலர்ந்த குரங்குப் பாதம் ஒன்றைக் கொண்டுவருகிறார். ஒரு பக்கிரி மந்திரித்தது, மூன்று வரம் தரும். வீட்டுக்காரருக்கு என்ன கேட்பது என்றே தெரியவில்லை. வேண்டியதெல்லாம் இருக்கிறது என்கிறார். பையன்தான் எடுத்துக் கொடுக்கிறான், வீட்டுக் கடன் அடைந்துவிட்டால் நிம்மதிதானே, இருநூறு பவுண்டு கேளுங்கள் என்று. கேட்கிறார். மறுநாள் கம்பெனியிலிருந்து ஒரு ஆள் வருகிறார். பையன் மெஷினில் மாட்டிச் செத்துவிட்டான். கம்பெனிக்கு இதில் எந்தப் பொறுப்பும் கிடையாது, ஆனாலும் அவன் செய்த வேலையை மதித்து ஒரு தொகை தருகிறோம் என்கிறார்.

எவ்வளவு என்று சொல்லவே வேண்டாம்.

இந்தக் கதையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் கடைசிக் காட்சியைத்தான் சொல்வார்கள். அம்மாவின் வற்புறுத்தலால் அப்பா இரண்டாவது வரமாக மகனைத் திரும்பக் கேட்கிறார். நடு ராத்திரியில் கதவு தட்டப்படுகிறது. அவள் தாழ்ப்பாளைத் திறக்கப் போராடுகிறாள், அப்பா அவசர அவசரமாக மூன்றாவது வரத்தைக் கேட்டுவிடுகிறார். கதவைத் திறந்தால் வெறும் தெரு. அருமையான காட்சிதான். ஆனால் பையனுக்கு வயிற்றைப் பிசைந்தது அது இல்லை. கம்பெனி ஆள் வாசலில் தயங்கித் தயங்கி நிற்கிற அந்த இடம். பொறுப்பில்லை, ஆனால் தொகை உண்டு. அந்த ஒரு வாக்கியம்.

ஏனென்றால் அது மந்திரம் இல்லை, சட்டம். பிரிட்டனில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது 1897-ல், கதைக்கு ஐந்து வருஷம் முன்னால். வேலையில் செத்தவனை நம்பியிருந்த குடும்பத்துக்கு மூன்று வருஷச் சம்பளம், குறைந்தது 150 பவுண்டு, அதிகபட்சம் 300 என்று அதில் வரம்பு போட்டிருந்தார்கள். ஜேக்கப்ஸின் 200 அதற்கு நடுவில் அழகாக உட்கார்ந்திருக்கிறது. அந்தக் காலத்து வாசகனுக்கு அது பேய்க் கதைத் தொகை இல்லை, பேப்பரில் தினமும் பார்க்கிற தொகை. இந்தியாவில் அதே மாதிரிச் சட்டம் 1923-ல் வந்தது. செமஸ்டரில் தொழிற்சட்டப் பாடத்தில் பத்து மார்க் கேள்வி. பையன் அதை மனப்பாடம் செய்து எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறான். ஆனால் ஒரு ஆள் இல்லாமல் போனதற்குத் தொகை எழுதுகிறார்கள் என்பது அவனுக்கு உறைத்தது 'குரங்குப் பாதம்' படித்தபோதுதான்.

மரக்காணத்துக்காரர்களுக்கு அந்தக் கம்பெனி ஆளின் தயக்கம் நன்றாகத் தெரியும். 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து, ஒரே குப்பத்தில் அடுத்தடுத்த வீடுகளில் சாவு. பத்துப் பேருக்கு மேல் போனார்கள். இறந்தவர்கள் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய் என்று அரசு அறிவித்தது. குடித்துச் செத்தவனுக்குப் பணமா என்று ஊரெல்லாம் விவாதம் நடந்தது. பணம் கொடுத்தது சரியா தப்பா என்பது வேறு பேச்சு. சம்பாதிக்கிற ஆள் போன வீட்டுக்குப் பணம் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் முந்தின நாள் வரை வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு, பீடி குடித்துக்கொண்டு, வலை பின்னிக்கொண்டு இருந்த ஒரு ஆள், மறுநாள் ஒரு எண்ணாகி வாசலில் வந்து நிற்பதை எந்தப் பேய்க் கதைக்காரன் கண்டுபிடித்தான்? ஜேக்கப்ஸ் கண்டுபிடித்திருக்கிறார். குரங்குப் பாதம் என்பதெல்லாம் அதைச் சொல்ல ஒரு சாக்கு.

இப்படி ஒரு சாவி கிடைத்ததும் பையன் மற்றக் கதைகளையும் அதை வைத்துத் திறந்து பார்க்க ஆரம்பித்தான். வங்காளத்துக்குப் போனான். தாகூரின் 'மணிஹாரா' 1898-ல் வந்தது. வியாபாரத்தில் கஷ்டம் வந்து மனைவியின் நகையைக் கேட்க நினைக்கிற கணவன், நகையைக் கொடுக்க மனசில்லாமல் அத்தனையையும் உடம்பில் பூட்டிக்கொண்டு கிளம்பிக் காணாமல் போகிற மனைவி. பிறகு ராத்திரியில் எலும்புக்கூடு வருகிறது, நகை போட்டுக்கொண்டு. சத்யஜித் ராய் 1961-ல் 'தீன் கன்யா' படத்தில் ஒரு பகுதியாக எடுத்த கதை இது. தாகூரின் இன்னொரு கதை 1895-ல் வந்த 'பசித்த கற்கள்'. பாழடைந்த அரண்மனைக்குள் போய் மாட்டிக்கொள்கிறவன் யார் தெரியுமா? பருத்திக்கு வரி வசூல் பண்ணுகிற உத்தியோகஸ்தன்!

நம் ஊரில் புதுமைப்பித்தன். 1906-ல் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர். அப்பாவுக்கு வருவாய்த் துறை உத்தியோகம் என்பதால் செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என்று சின்ன வயசு இந்தப் பக்கத்திலேயே கழிந்தது. தினமும் பஸ் ஏறுகிற ஊரில் புதுமைப்பித்தன் டவுசர் போட்டுக்கொண்டு சுற்றியிருக்கிறார் என்பதில் பையனுக்குக் கொஞ்சம் பெருமைதான். மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலை 'பிரேத மனிதன்' என்று தமிழில் கொடுத்ததும் அவர்தான். அவருடைய 'காஞ்சனை' 1943-ல் வந்தது. எழுத்தாளர் ஒருவர் வீட்டில் அவர் மனைவி ஒரு பிச்சைக்காரியைக் கூடமாட ஒத்தாசைக்கு என்று சேர்த்துக்கொள்கிறாள். அப்புறம் ராத்திரிகள் ஒழுங்காக இல்லை. திடீரென்று ஒரு வாசனை, திடீரென்று ஒரு நாற்றம். நடந்ததா, அவர் மண்டைக்குள் நடந்ததா என்று கடைசி வரை பிடி கொடுக்க மாட்டார். தமிழில் பேய்க் கதை என்றால் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். சொல்ல வேண்டியதும்தான்.

ஆனால் பையன் கணக்குப்படி புதுமைப்பித்தனின் பெரிய பேய்க் கதை 'செல்லம்மாள்'. அதில் பேயே கிடையாது. சென்னையில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற பிரமநாயகம் பிள்ளை, நோயாளி மனைவி செல்லம்மாள், பற்றாத சம்பளம். சொந்த ஊருக்கு ஒரு தடவை போய்வர வேண்டும் என்ற ஆசை. அவள் செத்துக் கிடக்கிற ராத்திரியில் பிள்ளை அந்த உடம்போடு தனியாக இருக்கிறார். அவ்வளவுதான் கதை. பிள்ளை அலறவில்லை, புரண்டு அழவில்லை. சம்பளத்துக்கும் மருந்துக்கும் நடுவில் வருஷக்கணக்காக இழுத்த இழுப்பில் அவருக்கு அழக்கூட மிச்சம் இல்லை. அஷர் மாளிகை இடிந்தபோது வராத நடுக்கம் அந்த வீட்டில் வந்தது.

கிளாஸில் ஒரு நண்பனிடம் இதைச் சொன்னபோது அவன் சிரித்தான். "எல்லாத்துலயும் பற்று வரவு பாத்தா ரசனை எங்கடா இருக்கும்? பேய் வரணும், பயப்படணும், தூங்கணும். அதான் பேய்க் கதை." இதிலும் நியாயம் இருக்கிறது. கதவு தட்டும் சத்தம் இல்லாமல் இழப்பீட்டுத் தொகையை மட்டும் எழுதியிருந்தால் ஜேக்கப்ஸை நூற்றிருபது வருஷம் கழித்து யாரும் படிக்கப் போவதில்லை. பேய் வேண்டும்தான். பையன் சொல்ல வந்தது வேறு. பேய் சும்மா வராது. எங்கேயோ ஒரு கணக்கு நேர் ஆகாமல் நிற்கிறது, யாரோ கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை, அல்லது கொடுக்கவே முடியாத ஒன்றுக்குத் தொகை எழுதிக் கணக்கை முடித்துவிட்டார்கள். அந்த இடத்தில்தான் நல்ல கதைகளில் கதவு தட்டப்படுகிறது. மட்டமான கதைகளில் பேய் தட்டுகிறது, ஏன் தட்டுகிறது என்று எழுதினவருக்கே தெரியாது.

இந்த யோசனையிலேயே ஒரு நாள் இணையத்தில் தேடிக்கொண்டிருந்தபோது உப்பைப் பற்றியே ஒரு செய்தி கண்ணில் பட்டது. குஜராத்தின் கட்ச் ரண் பகுதியில் உப்பெடுக்கிற அகாரியா ஜனங்களைப் பற்றியது. வாழ்நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் நின்று அவர்கள் கால் இறுகிப் போய்விடுமாம். செத்த பிறகு உடம்பு எரிந்தாலும் பாதம் முழுசாக எரியாதாம், அதைத் தனியாக எடுத்து உப்பு போட்டுப் புதைப்பார்களாம். பல பத்திரிகைகளில் வந்திருக்கிற செய்தி. போ எழுதியிருந்தால் இந்த மனுஷன் என்னமாய் ஜோடிக்கிறார் என்று சொல்லியிருப்போம்.

பையனின் ஆயா கல்யாணமான நாளிலிருந்து உப்பளத்தில் கூடை சுமந்தவள். இப்போது வேலைக்குப் போவதில்லை. மழை மாசத்தில் வேலை இல்லாமல் வட்டிக்கு வாங்கியது, புயலுக்கு அம்பாரம் கரைந்து போனது எல்லாம் அவளுக்கு வருஷவாரியாக ஞாபகம் இருக்கும். கட்ச் செய்தியை அவளுக்குப் படித்துக் காட்டினான். பயப்படுவாள், அல்லது ஐயோ பாவம் என்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் தன் கால் இரண்டையும் நீட்டிப் பார்த்தாள். குதிகாலில் பாளம் பாளமாக வெடிப்பு.

"செத்தப்புறம் எரியலேன்னா இன்னா கண்ணு? உசுரோட இருக்கறப்பவே தெனமும் எரிஞ்சிதே."

இதற்கு மேல் காதிக் இலக்கியத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை என்று பையனுக்குத் தோன்றியது. ஆனாலும் விடவில்லை. ஆயாவுக்கு ஒரு கதையாவது சொல்லிப் பயமுறுத்திவிட வேண்டும் என்று 'குரங்குப் பாதம்' கதையை எடுத்தான். பட்டாளத்துக்காரர், பக்கிரி, மூன்று வரம், இருநூறு பவுண்டு, மெஷின், கம்பெனி ஆள் எல்லாம் சொன்னான். கதவு தட்டும் இடத்தில் திண்ணையில் தட்டியும் காட்டினான். ஆயா வெற்றிலையை மென்றுகொண்டே கடைசி வரை கேட்டாள். பெற்றவள் தாழ்ப்பாளைத் திறக்க ஓடிய இடத்தில் மட்டும் மெல்லுவதை நிறுத்தினாள். வெறும் தெரு என்று சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

அப்புறம் கேட்டாள். "அந்த ஊட்டுக் கடன் அடைஞ்சிதாடா?"

பையன் உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து அந்தக் கதையை முதலிலிருந்து கடைசி வரை மறுபடி புரட்டிப் பார்த்தான். ஜேக்கப்ஸ் அதைச் சொல்லவே இல்லை.